ஆய்வுக்கும் ஒரு பாயிரம்

(ஆக்லாந்து நகரின் நியூ லின்னிலிருந்து இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

  

கதையும் கவிதையும் பேசப்படும் மேடையில், அறிவியல் ஆய்வுக்கட்டுரையின் முன்னுரை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் தயங்கினார்கள். அவர்களின் தயக்கம் நியாயம்தான். நான் ஆராய்ச்சியாளர் அல்ல. பட்டயப் படிப்பு படித்த செவிலி. ஆய்வுக்கட்டுரைகளை நான் எழுதுவதில்லை. அவற்றின் முடிவுகள் நெறிமுறைகளாகி வார்டுக்கு வரும்போது அதன்படி ஊசி போடுகிறவள். ஒரு கட்டுரை சரியாகவோ தவறாகவோ தொடங்கினால் அதன் பலன் கடைசியில் வந்து சேரும் இடத்தில் நிற்கிறவள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் முன்னுரை என்பது வெறும் சம்பிரதாயமாகத் தெரிவதில்லை. இந்த ஆய்வை ஏன் செய்தாய், அதை இந்த மனிதர்கள் மேல் செய்ய உனக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்க வேண்டும்.

இதைச் சொல்ல நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நான் இருக்கும் இந்த ஊரிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் ஒரு மருத்துவமனையில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரண்டு ஆய்வுகள் நடந்தன. ஒன்று உலகம் முழுவதும் குழந்தைகளைக் காப்பாற்றியது. மற்றொன்று நியூசிலாந்தின் சட்டத்தையே மாற்ற வேண்டிய நிலையைக் கொண்டுவந்தது. அங்கே போவதற்கு முன் நம் வீட்டுத் திண்ணையில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போவோம்.

பாயிரம் கேட்கும் கேள்விகள்

நூலுக்கு முன்னுரை எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், பாயிரத்தைப் பற்றிப் பேசித்தான் தொடங்குகிறது. பாயிரம் இரண்டு வகை. எல்லா நூல்களுக்கும் பொதுவானதைச் சொல்வது பொதுப்பாயிரம். குறிப்பிட்ட ஒரு நூலைப் பற்றிச் சொல்வது சிறப்புப்பாயிரம்.

சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இவற்றோடு காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்று சொல்வோரும் உண்டு என்கிறது.

இந்தப் பட்டியலை ஒரு மருத்துவ ஆய்வுக்கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழி என்றால் இந்த நூல் எந்த நூலின் வழியாக வருகிறது என்பது. இன்றைய மொழியில், எனக்கு முன்னால் யார் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது. எல்லை என்றால் இது எதுவரை செல்லும் என்பது. நுதலிய பொருள் என்றால் எதைப் பற்றி என்பது. கேட்போர் யார், அவர்களுக்குப் பயன் என்ன, எந்தக் காரணத்தால் இது எழுந்தது. இன்று ஒரு மருத்துவ இதழின் ஆசிரியர் முன்னுரையில் தேடுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று எல்லை சொல்கிறார். வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தார் என்று தரவு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறார். முன்பிருந்த நூல்களைப் பார்த்து எழுதினார் என்று வழியைச் சொல்கிறார். நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க, ஐயம் தீர அரங்கேறியது என்று களத்தையும் சொல்கிறார். முன்னாய்வு, தரவு, எல்லை, சக அறிஞர் பரிசோதனை நான்கும் அந்தச் சில வரிகளில் வந்துவிடுகின்றன.

நன்னூல் சொல்லும் இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் தானே எழுதக்கூடாது. அவருடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணவரோ, தகுதியுள்ள உரைகாரரோ எழுத வேண்டும். தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளும் ஆபத்தை அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டிருக்கிறார்கள். அறிவியல் கட்டுரையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. முன்னுரையை ஆய்வாளரே எழுதுகிறார். எனவே அவருடைய நேர்மைதான் அங்கே உரைகாரர்.

நான் வளர்ந்த மரபிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மருத்துவர் என்று மரபு சொல்லும் லூக்கா, தன் நற்செய்தியை ஒரு முன்னுரையோடு தொடங்குகிறார். இதைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுத முயன்றிருக்கிறார்கள், கண்ணால் கண்டவர்கள் சொன்னவை இருக்கின்றன, நானும் தொடக்கத்திலிருந்து தீர விசாரித்தேன், ஒழுங்காக எழுதுகிறேன், தெயோப்பிலுவே, நீ கேட்டறிந்தது உறுதி என்று தெரிந்துகொள்வதற்காக. முன்னவர் யார், தன் முறை என்ன, வாசகர் யார், பயன் என்ன என்பதெல்லாம் நான்கு வசனங்களில் முடிந்துவிடுகின்றன.

நான்கு அறை கொண்ட வீடு

அறிவியல் கட்டுரைக்கு முன்னுரை என்ற தனி அறை கிடைத்தது அண்மையில்தான். 1665இல் லண்டனில் ராயல் சொசைட்டியின் இதழ் தொடங்கியபோது கட்டுரைகள் பெரும்பாலும் கடிதங்களாக இருந்தன. இன்ன நாளில் இதைப் பார்த்தேன், இப்படி நடந்தது என்று நேரடியாகச் சொல்வார்கள். முன்னுரை, முறை, முடிவு, விவாதம் என்ற நான்கு அறை வீடு மருத்துவ இதழ்களில் 1940களுக்குப் பிறகே பரவலாகத் தொடங்கியது. 1980களில்தான் முக்கிய இதழ்களில் அதுவே ஒரே வடிவம் என்றானது.

அந்த நான்கு அறைகளுக்கும் எளிமையான விளக்கம் தந்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலோடு சேர்ந்து காட்டிய புள்ளியியல் அறிஞர். 1965இல் அவர் சொன்னதன் சாரம் இது: வாசகருக்கு நான்கே கேள்விகள்தான் உள்ளன. ஏன் தொடங்கினாய், என்ன செய்தாய், என்ன கிடைத்தது, அதற்கு என்ன பொருள். முன்னுரை முதல் கேள்விக்கான பதில்.

இன்னொருவர் மொழியியல் அறிஞர் ஜான் ஸ்வேல்ஸ். ஆங்கிலத்தில் எழுதத் திணறும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக, 48 கட்டுரைகளின் முன்னுரைகளை எடுத்து அவை உண்மையில் எப்படி நகர்கின்றன என்று பார்த்தார். 1981இல் அதை வெளியிட்டார். 1990இல் வந்த நூலில் அதை மூன்று நகர்வுகளாகத் திருத்தி அமைத்தார். முதலில், இது எந்த நிலம் என்று காட்டுவது. அடுத்து, அந்த நிலத்தில் உழப்படாத பகுதி எது என்று சுட்டுவது. கடைசியில், அதை நான் உழப்போகிறேன் என்று சொல்வது. உலகெங்கும் ஆய்வு மாணவர்களுக்கு இன்றும் இதைத்தான் கற்பிக்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உழப்படாத நிலம் என்று நான் சொல்வது உண்மையிலேயே உழப்படாததுதானா? பக்கத்து ஊர்க்காரர் ஐந்து முறை உழுது அறுவடையும் செய்துவிட்ட நிலமாக அது இருந்தால்? அந்த அறுவடையை நான் பார்க்கவில்லை என்பதற்காக அது தரிசு ஆகிவிடுமா? மருத்துவத்தில் இந்தக் கேள்விக்கு உயிர்களால் விலை கொடுத்திருக்கிறோம்.

மூச்சு விட்ட ஆட்டுக்குட்டி

1963 ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டிப் பிறந்தவன், எடை ஏறத்தாழ 2.1 கிலோ. இன்று அந்த எடையுள்ள குழந்தையை வைத்துக்கொண்டு நாங்கள் பெரிதாகப் பதற மாட்டோம். அவன் 39 மணி நேரம் மூச்சுக்குத் திணறி இறந்துபோனான். உலகின் மிகச் சக்திவாய்ந்த அப்பாவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

காரணம் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் அதைக் காட்டியிருந்தார்கள். நம் நுரையீரலின் நுண்ணறைகள் ஒவ்வொரு மூச்சிலும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சோப்பு நுரை போன்ற ஒரு பூச்சு தேவை. குறைமாதக் குழந்தைக்கு அந்தப் பூச்சு போதுமான அளவு ஊறியிருக்காது. மூச்சை வெளியே விட்டதும் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு அவற்றைப் புதிதாகப் பிரிக்க வேண்டும். குழந்தை சோர்ந்துவிடும்.

இனி ஆக்லாந்துக்கு வருவோம். கிரீன்லேன் பகுதியில் நேஷனல் விமன்ஸ் மருத்துவமனை. 1963இல் வில்லியம் லைலி, கருவில் இருக்கும் குழந்தைக்கே இரத்தம் ஏற்றி உலகை வியக்க வைத்த இடம். அங்கே கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், எல்லோரும் மான்ட் என்று அழைப்பார்கள், வேறொரு கேள்வியோடு இருந்தார். பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது, தாயா, குழந்தையா? இது ஆட்டுப் பண்ணைகளின் நாடு. அவர் ஆடுகளில் ஆராய்ந்தார். கருவில் இருக்கும் குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்தியதும் ஆடு முன்கூட்டியே ஈன்றது.

அப்போதுதான் அவர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். பிழைக்கவே முடியாத அளவு முன்கூட்டிப் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. ஸ்டீராய்டு நுரையீரலை அவசரமாகப் பழுக்க வைத்திருக்கிறதோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. அந்த ஆட்டு ஆய்வை 1969இல் வெளியிட்டார்.

பிறகு அவரும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹவியும் சேர்ந்து தாய்மாரிடம் ஆய்வைத் தொடங்கினார்கள். முன்கூட்டிப் பிரசவிக்கும் நிலையில் இருந்த தாய்மாருக்கு ஒரு பகுதியினருக்கு பீட்டாமெத்தசோன் ஊசி, மற்றவர்களுக்கு ஒப்பிடுவதற்கான வேறு ஊசி. 1972இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. 282 தாய்மார். அந்தக் கட்டுரையின் சுருக்கத்தில் முதல் வாக்கியமே, யாருக்கு, எதைக் கொடுத்து, எந்த நம்பிக்கையில் இதைச் செய்தோம் என்று சொல்லிவிடுகிறது. நம்பிக்கை என்ற சொல்லைக் கவனியுங்கள். நிரூபிக்க என்று இல்லை. திட்டமிடாமல் முன்கூட்டி நடந்த பிரசவங்களில், பிறந்த சில நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் மருந்து பெற்ற பிரிவில் 3.2 சதவீதம், மற்றதில் 15 சதவீதம். மூச்சுத்திணறல் நோய் 9 சதவீதமும் 25.8 சதவீதமும்.

இந்த ஆய்வின் பின்னால் உள்ள தர்க்கத்தை நன்னூல் பட்டியலில் பொருத்தலாம். வழி: நுரையீரல் பூச்சு பற்றிய கண்டுபிடிப்பும் ஆட்டுக்குட்டியும். எல்லை: 37 வாரத்துக்கு முன் பிரசவிக்கக்கூடிய தாய்மார். காரணம்: மனிதக் குழந்தைக்கு இது பலிக்குமா என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பது உண்மையாக இருந்ததால்தான் பாதித் தாய்மாருக்கு அந்த மருந்தைக் கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். மீதிக் கதை முழுவதும் இதில்தான் நிற்கிறது.

ஒவ்வொருவரும் முதலாமவர்

1972க்குப் பிறகு என்ன நடந்திருக்க வேண்டும்? வேறு இடங்களில் இரண்டு மூன்று ஆய்வுகள், முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தல், பிறகு எல்லா மருத்துவமனைகளிலும் அந்த ஊசி. நடந்தது வேறு. அடுத்த 20 ஆண்டுகளில் பல நாடுகளில் ஆய்வு மேல் ஆய்வு வந்தது. பெரும்பாலானவை சிறியவை. தனியாகப் பார்த்தால் சில, பயன் உண்டு என்றன. பல, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றன. தொற்று வருமோ, மூளை வளர்ச்சி பாதிக்குமோ என்ற அச்சமும் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த முறையான தொகுப்பாய்வு, பெட்ரீஷியா குரௌலி என்ற மகப்பேறு மருத்துவரின் உழைப்பில், 1989-90இல்தான் வந்தது. குழந்தை இறக்கும் வாய்ப்பை அந்த ஊசி 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கிறது என்று தெரிந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகம் இதைப் பரிந்துரைத்தது 1994இல். அதுவரை தகுதியுள்ள தாய்மாரில் சிறுபான்மையினருக்கே ஊசி கிடைத்தது.

1993இல் தொடங்கப்பட்ட கோக்ரேன் அமைப்பின் சின்னத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். வட்டத்துக்குள் சில படுக்கைக் கோடுகள், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, கீழே ஒரு சிறு சாய்சதுரம். அலங்காரத்துக்குப் போட்ட கோடுகள் அல்ல அவை. ஒவ்வொரு படுக்கைக் கோடும் இந்த ஊசியைப் பற்றிய ஓர் ஆய்வு. செங்குத்துக் கோட்டின் இடப்பக்கம் என்றால் பயன் உண்டு, தொட்டால் உறுதியில்லை. பல கோடுகள் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிய சாய்சதுரம் இடப்பக்கம் தெளிவாக நிற்கிறது. அந்தக் கோடுகளை உரிய காலத்தில் யாராவது கூட்டியிருந்தால் பல்லாயிரம் குழந்தைகள் பிழைத்திருக்கும் என்பதை மறக்காமல் இருக்கவே அதைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். ஆக்லாந்தில் தொடங்கிய கோடு அதில் ஒன்று.

தாமதத்துக்கு முன்னுரை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆய்வும் தனக்கு முன் வந்த எல்லாவற்றையும் முன்னுரையில் கூட்டிப் பார்த்திருந்தால், அடுத்த ஆய்வைத் தொடங்குகிறவர் பேனாவை எடுக்கும்போதே கை நின்றிருக்கும்.

இது ஒரு மருந்தோடு முடிந்த கதையும் அல்ல. இதய அறுவைசிகிச்சையில் இரத்தப்போக்கைக் குறைக்கும் அப்ரோடினின் என்ற மருந்துக்கு 1987 முதல் 2002 வரை 64 ஆய்வுகள் நடந்தன. இரத்தப்போக்கு குறைகிறது என்பது 1992இலேயே, 12ஆவது ஆய்வோடு தெளிவாகிவிட்டது. மீதி 52 ஆய்வுகளில் பாதி நோயாளிகளுக்கு மருந்து மறுக்கப்பட்டது எதற்காக? 2005இல் இதைக் கணக்கிட்டவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். அந்தத் துறையின் மிகப்பெரிய ஆய்வை, அதற்குப் பின் வந்த 44 கட்டுரைகளில் 7 மட்டுமே குறிப்பிட்டிருந்தன.

2011இல் கேரன் ராபின்சனும் ஸ்டீவன் குட்மனும் 1,523 மருத்துவ ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். முன்பு ஐந்தோ அதற்கு மேலோ ஆய்வுகள் நடந்திருந்த இடங்களிலும், 23 சதவீதக் கட்டுரைகள் அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. இன்னொரு 23 சதவீதம் ஒன்றை மட்டும் சொன்னது. ஏறக்குறையப் பாதிப் பேர் தாமே முதலில் வந்தவர் என்பதுபோல எழுதியிருக்கிறார்கள். நன்னூலின் வழி என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே கட்டடத்தில் இன்னொரு தொடக்கம்

இப்போது இரண்டாவது ஆய்வு. லிக்கின்ஸ் பணியாற்றிய அதே மருத்துவமனை. 1966இல் மகளிர் நோய் மருத்துவர் ஹெர்பர்ட் கிரீன் ஒரு திட்டத்தை மருத்துவமனையின் குழு முன் வைத்தார். கருப்பைவாயின் மேற்பரப்பில் மட்டும் தோன்றும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் பற்றியது. அந்த மாற்றம் பரவும் புற்றுநோயாக மாறக்கூடும் என்பது அன்று உலகில் பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து. அதனால் அதை முழுவதுமாக அகற்றிவிடுவார்கள். கிரீனின் கருத்து வேறு. அது புற்றுநோயின் முன்னோடி அல்ல என்பதை நிரூபிக்க முயல்வது தன் நோக்கம் என்று அவர் சொன்னதைக் குழுவின் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. சில பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல் தொடர்ந்து கண்காணிப்பது என்று முடிவாயிற்று. அவர்களுக்கு அது சொல்லப்படவில்லை.

அவருக்கு நல்ல எண்ணமும் இருந்திருக்கலாம். தேவையற்ற கருப்பை நீக்கங்களிலிருந்து பெண்களைக் காப்பாற்ற நினைத்தார் என்று சொல்வார்கள். இதை ஆய்வு என்று அழைப்பது சரியா என்றே இன்றும் வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. தொடக்கத்து வாக்கியத்தை மட்டும் பார்க்கிறேன். லிக்கின்ஸ், பலிக்குமா என்று கேட்டார். கிரீன், நான் சொல்வது சரி என்று காட்டப்போகிறேன் என்றார். தோற்க இடமில்லாத கேள்வி கேள்வியே அல்ல. முன்னவர்கள் சொன்னதைத் தனக்கு எதிரான சான்றாக எடைபோடாமல், முறியடிக்க வேண்டிய தடையாகப் பார்த்துத் தொடங்கினால், கண்முன் வரும் சான்றும் கண்ணில் படாது.

சான்று அதே கட்டடத்தில்தான் இருந்தது. பில் மெக்கிண்டோவும் நோய்க்குறியியல் மருத்துவர் ஜாக் மெக்லீனும் பல ஆண்டுகள் உள்ளேயே எச்சரித்தார்கள். கடைசியில் 1984இல் அவர்கள் வேறு இருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 948 பெண்கள். சிகிச்சைக்குப் பின் பரிசோதனை இயல்பாக இருந்த 817 பேரில் 12 பேருக்கு, அதாவது 1.5 சதவீதத்தினருக்கு, பரவும் புற்றுநோய் வந்தது. பரிசோதனையில் மாற்றம் தொடர்ந்து இருந்த 131 பேரில் 29 பேருக்கு வந்தது. அது 22 சதவீதம்.

அந்த எண்களை வெளியுலகம் கவனிக்க இன்னும் மூன்று ஆண்டு ஆயிற்று. 1987 ஜூனில் 'மெட்ரோ' இதழில் சாண்ட்ரா கோனியும் ஃபிலிடா பங்கிளும் எழுதிய கட்டுரை நாட்டை உலுக்கியது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்தது. 1988 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. அதன் தொடர்ச்சியாக 1994இல் சட்டம், 1996இல் நோயாளர் உரிமைக் கோவை. நியூசிலாந்தில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அந்த உரிமைகள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். முழுத் தகவல் பெறும் உரிமை, தெரிந்து சம்மதிக்கும் உரிமை. இங்கே வேலைக்கு வரும் ஒவ்வொரு செவிலியும் முதலில் கற்றுக்கொள்வது அது. அந்தச் சுவரொட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் அதுவும் ஒரு முன்னுரைதான் என்று தோன்றும். அன்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படாமல் போன முன்னுரை.

மறுபடியும் கேட்க உரிமை உண்டா?

இவ்வளவும் கேட்ட பிறகு, முன்பே ஆய்வு நடந்திருந்தால் மறுபடி செய்யவே கூடாது என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. அதற்கும் அதே ஊசியே விடை.

2015இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சாம்பியா, குவாத்தமாலா, அர்ஜென்டினா ஆகிய ஆறு நாடுகள். ஏறத்தாழ 1 லட்சம் பிரசவங்கள். ஆரம்பச் சுகாதார நிலை வரை இந்த ஊசியைக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று பார்த்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது உயிர்கள் பிழைக்கும் என்று. வந்த முடிவு திகைக்க வைத்தது. ஊசியைப் பரப்பிய பகுதிகளில் ஆயிரம் குழந்தைகளுக்கு 27.4 இறப்பு, மற்றப் பகுதிகளில் 23.9. கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணிக்க ஸ்கேன் வசதி இல்லாத இடங்களில், நிறைமாதத்தில் பிரசவிக்கப்போகும் தாய்மார் பலருக்கும் ஊசி போயிருந்தது.

இப்போது உண்மையிலேயே ஒரு தெரியாத நிலம் தோன்றிவிட்டது. வசதி நிறைந்த நாடுகளில் காப்பாற்றும் மருந்து, நம் ஊர் மருத்துவமனைகளில் என்ன செய்யும்? உலக சுகாதார நிறுவனம் புதிய ஆய்வைத் தொடங்கியது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் 29 மருத்துவமனைகள், 2,852 தாய்மார். ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதிசெய்து, 26 வாரத்திலிருந்து 34 வாரத்துக்குள் இருந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தில்லா ஊசி.

முதல் ஆய்வு வெளிவந்து 45 ஆண்டுகள் கழித்து, ஆசிய ஆப்பிரிக்கத் தாய்மாருக்கு மருந்தில்லா ஊசி. கேட்டதும் கோபம் வருகிறது அல்லவா? வர வேண்டும். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம்தான் முன்னுரை. முன்பு கிடைத்தவை இவை, அவை எங்கே கிடைத்தவை, 2015இல் வந்த முரண் இது, ஆகவே எங்களுக்கு உண்மையில் தெரியவில்லை என்று அது சொல்லியாக வேண்டும். 2020இல் முடிவு வந்தது. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இறந்த குழந்தைகள் மருந்துப் பிரிவில் 19.6 சதவீதம், மற்றதில் 23.5 சதவீதம். நல்ல பராமரிப்பு உள்ள மருத்துவமனையில், வாரம் சரியாகத் தெரிந்தால், அந்த ஊசி நம் தாய்மாரின் குழந்தைகளையும் காப்பாற்றுகிறது. 1980களில் வீணாக நடந்தவற்றுக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. இரண்டிலும் பாதித் தாய்மாருக்கு மருந்து இல்லை. வேறுபாடு முழுவதும் தொடங்கிய காரணத்தில் இருக்கிறது.

ஆகவே முன்னுரை செய்ய வேண்டியவை மூன்று என்று சுருக்கிச் சொல்வேன். முன்னவர் கண்டதை, தனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்காமல், கூட்டிச் சொல்ல வேண்டும். அதில் எது மிச்சம் என்று நேர்மையாகக் காட்ட வேண்டும். அந்த மிச்சத்தை அறிய இந்த மனிதர்களை, இந்த முறையில் ஏன் அணுகினோம் என்று சொல்ல வேண்டும், விடை எப்படி வந்தாலும் ஏற்கும் விதத்தில் கேள்வியை வைத்து.

நேரலையில் ஒரு நண்பர் கேட்டார்: எல்லா முன்னாய்வுகளையும் சொன்னால் முன்னுரையே புத்தகம் ஆகிவிடாதா?

ஆகாது. தொகுப்பாய்வு இருந்தால் அதைச் சொன்னால் போதும். இல்லையென்றால் தேடினோம், எங்கே தேடினோம், இவை கிடைத்தன என்று நான்கு வரி. 'லான்செட்' போன்ற இதழ்கள் இன்று ஒரு சிறு கட்டத்துக்குள் இதை எழுதக் கேட்கின்றன: முன்பிருந்த சான்று என்ன, இந்த ஆய்வு சேர்ப்பது என்ன, எல்லாம் சேர்ந்தால் என்ன பொருள். அரைப் பக்கம்தான்.

இன்னொரு சகோதரி, ஆராய்ச்சி செய்யாத எங்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டார். நாம் இருக்கும் நாடுகளில் மருத்துவமனைக்குப் போனால், எங்கள் ஆய்வில் சேர்கிறீர்களா என்று ஒரு தாளை நீட்டுவார்கள். உங்களிடமும் நீட்டலாம், உங்கள் அம்மாவிடமும் நீட்டலாம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றால் நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும். அப்போது கேளுங்கள். இதைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும்? எது தெரியாது? அதைத் தெரிந்துகொள்ள என் அம்மா ஏன் வேண்டும்? பதில் தெளிவாக வந்தால் தயங்காமல் சேருங்கள். ஆக்லாந்தில் அந்தத் தாய்மார் சேர்ந்ததால்தான் இன்று குழந்தைகள் மூச்சு விடுகின்றன. பதில் வரவில்லை என்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த உரிமை உங்களுக்கு உண்டு.